சுத்திகரித்த கழிவுநீரைப் புல்தரைக்கும் மரங்களுக்கும் பாய்ச்சலாமா? கிருமியைவிட உப்பைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஒரு பெரிய வளாகத்தில் புல்தரை, நிழல் மரங்கள், பூச்செடிகள், குழந்தைகள் விளையாடும் திடல் எல்லாம் இருக்கின்றன. நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குழாய் வழியே நீர் தர முன்வந்திருக்கிறார்கள். வாங்கலாமா? நோய் வருமா? நாற்றம் அடிக்குமா? மரங்கள் பட்டுப்போகுமா?

வாங்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நோயைத் தடுப்பது பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. அதற்கான வழி தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நாற்றம் பெரும்பாலும் உங்கள் தொட்டியில் பிறப்பது. மரம் பட்டுப்போவதுதான் முழுக்க முழுக்க உங்கள் தலையில் விழும். அதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கேட்கிறார்கள்.

முதலில் நோய். வீடுகளிலிருந்து வரும் பச்சைக் கழிவுநீரில் கழிவு கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் 100 மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். முதல் நிலையில் கசடு படிகிறது. இரண்டாம் நிலையில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று தீர்க்கின்றன. இந்த இரண்டாம் நிலையோடு வெளியே வரும் நீர் கண்ணுக்கு ஓரளவு தெளிவாகவே தெரியும். ஆனால் குழந்தைகள் உருளும் புல்லில் தெளிக்க அது போதாது. அதற்கு மூன்றாம் நிலை வேண்டும்: மணல் அல்லது சவ்வு வழியே வடிகட்டி, பிறகு குளோரினாலோ புற ஊதாக் கதிராலோ கிருமிநீக்கம் செய்வது.

உலகில் பலரும் பார்த்துப் பின்பற்றும் அளவுகோல் கலிஃபோர்னியாவின் விதி. பூங்கா, பள்ளி மைதானம், வீட்டுத் தோட்டம் போன்ற இடங்களுக்கு, தொடர்ந்து ஏழு நாள் சோதனைகளின் இடைநிலை எண் 100 மில்லிலிட்டருக்கு 2.2 கோலிஃபார்முக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. மக்கள் நடமாட்டம் குறைந்த கல்லறைத் தோட்டம், நெடுஞ்சாலை ஓரச் செடிகள் போன்றவற்றுக்கு 23 வரை அனுமதி. ஒரே நீர், இரண்டு அளவுகோல்கள். நீரின் தரத்தைத் தனியாகப் பேசிப் பயனில்லை, யார் மீது படும் என்பதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வளாகத்தில் விளையாட்டுத் திடல் இருப்பதால் முதல் வகை நீரைத்தான் கேட்க வேண்டும்.

சோதனை அறிக்கையில் கோலிஃபார்ம் எண்ணைவிட நான் முதலில் தேடுவது கலங்கல் அளவு. கோலிஃபார்ம் சோதனையின் முடிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த நீர் உங்கள் புல்லில் இறங்கியிருக்கும். கலங்கலை அளக்கும் கருவியோ நொடிக்கு நொடி சொல்லிவிடும். நீரில் மிதக்கும் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமியைக் குளோரினும் எட்டாது, புற ஊதாக் கதிரும் எட்டாது. அதனால் மணல் வழியே வடிகட்டிய நீருக்குச் சராசரிக் கலங்கல் 2 அலகுக்கு (அறிக்கையில் NTU என்று இருக்கும்) மேல் போகக் கூடாது என்று அதே விதி வைத்திருக்கிறது. நீர் தருபவரிடம் "கலங்கல் 2-ஐத் தாண்டினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "தானாகவே வால்வு மூடி, நீர் வேறு பக்கம் திருப்பப்படும்" என்பது நல்ல பதில். "அப்படியெல்லாம் தாண்டாது" என்று சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

குளோரினுக்கு அஞ்சாத இரண்டு விருந்தாளிகளும் உண்டு. குடற்புழு முட்டைகளைக் குளோரின் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அவை பெரியவை, படிய வைத்தாலும் வடிகட்டினாலும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்தது. மற்றொன்று கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. அதைக் குளோரின் அசைக்காது, புற ஊதாக் கதிர் அடக்கிவிடும். ஒரே தடுப்பை நம்பாமல் வடிகட்டல், கிருமிநீக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகளை வைப்பது இதற்காகத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் நோய் பற்றிய கவலையைக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் 1977-லிருந்து தனிக் குழாய்களில் இந்த நீரைப் பூங்காக்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் வீட்டுப் புல்தரைகளுக்கும் அனுப்பி வருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்கு இதற்கென்றே 1932-ல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். புதிய சோதனை முயற்சி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது உப்புக்கு வருவோம்.

மேலே சொன்ன மூன்று நிலைகளிலும் உப்பு போவதில்லை. கரைந்துவிட்ட உப்பை மணலும் பிடிக்காது, நுண்ணுயிரும் தின்னாது, குளோரினும் தொடாது. இன்னும் கொஞ்சம் கூட்டவே செய்யும். வீட்டுக்குள் குடிநீராக நுழைந்த நீர், குளியல், துவைப்பு, சமையல், கழிப்பறை எல்லாம் கடந்து வெளியே வரும்போது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பைக் கூடுதலாகச் சுமந்து வருகிறது. கடின நீரை மென்மையாக்கும் கருவிகள் நிறைய உள்ள ஊரென்றால் அதில் பெரும்பங்கு சோடியமாக இருக்கும். கடலோர ஊர்களில் பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியே உவர்நீர் கசிந்து இன்னும் ஏற்றிவிடும். எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) போன்ற கருவி வைத்தால்தான் உப்பை நீக்க முடியும். வெறும் புல்லுக்காக அந்தச் செலவைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண் மின்கடத்துதிறன். நீர் தருபவரின் அறிக்கையில் அது சென்டிமீட்டருக்கு 1,200 மைக்ரோசீமன்ஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுத்திகரித்த நீருக்கு இது சாதாரணமான எண்தான். தோராயமாக லிட்டருக்கு 770 மில்லிகிராம் உப்பு. வறண்ட இடத்தில் புல்லுக்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர். அதாவது ஒரு சதுர மீட்டரில் முக்கால் கிலோ உப்பு. ஒரு ஹெக்டேரில் ஏழரை டன்னுக்கு மேல். ஒவ்வொரு ஆண்டும். செடி நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. முதல் ஆண்டு எதுவும் தெரியாது. உண்மையில் முதல் ஆண்டு புல் முன்னைவிடப் பசுமையாகவே இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பசுமையைப் பார்த்து மகிழ்ந்துபோய் மண் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள்.

உப்பை வெளியேற்ற ஒரே வழி, செடிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீர்விட்டு வேருக்குக் கீழே கழுவி இறக்குவது. எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் பாசன நீர்த் தர வழிகாட்டியில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸ் (மேலே சொன்ன அதே 1,200 மைக்ரோசீமன்ஸ்தான்), வேர்மண்டலத்தில் நீங்கள் பொறுத்துக்கொள்ளும் உப்பு 3 டெசிசீமன்ஸ் என்றால், கூடுதலாகக் கீழிறங்க வேண்டிய பங்கு சுமார் 9 சதவீதம். பெரிய சுமை இல்லை. 3-ஐத் தாங்காத செடிகளை வைத்துக்கொண்டு 1.5-க்குள் நிறுத்தப் பார்த்தால் அதே பங்கு 19 சதவீதமாகிவிடும். நல்ல மழைக்காலம் உள்ள இடத்தில் இந்தக் கழுவலை மழையே செய்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் நீங்கள் செய்ய வேண்டும்.

ஆனால் கழுவிய நீர் இறங்க வழி இருக்க வேண்டும். அரை மீட்டர் ஆழத்தில் இறுகிய களிமண் அடுக்கோ, கட்டட வேலையின்போது லாரிகள் ஓடி அமுங்கிப்போன மண்ணோ இருந்தால் கூடுதலாக விட்ட நீர் அங்கேயே தேங்கி, உப்போடு மேலே ஏறி வரும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கைந்து இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். வடிகால் இல்லாத நிலத்துக்கு இந்த நீர் ஏற்றதில்லை. என் கருத்தில், வேண்டாம் என்று சொல்வதற்குக் கிருமிக் கணக்கைவிட வலுவான காரணம் இதுதான்.

நம் முன்னோர் உவர் நிலம், களர் நிலம் என்று இரண்டாகப் பிரித்து வைத்தது சும்மா இல்லை. உவர் என்பது மொத்த உப்பு மிகுந்த மண். களர் என்பது சோடியம் மிகுந்து மண்ணின் கட்டமைப்பே குலைந்த நிலை. சுத்திகரித்த நீர் இரண்டையும் உண்டாக்கும், ஆனால் இரண்டாவது தந்திரமானது. களிமண் துகள்களைக் கால்சியம் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்தால் துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். ஆனால் பாசன நீரில் மொத்த உப்பு போதுமான அளவு இருக்கும்வரை அவை விலகாமல் இருக்கும். உப்பு குறைந்த நீர் மேலே விழும்போதுதான் சிதறும். உப்பே இல்லாத நீர் எது? மழை. அதனால்தான் கோடை முழுக்க நன்றாக இருந்த புல்தரை, முதல் பெருமழைக்குப் பிறகு சேறாகி, காய்ந்ததும் ஓடுபோல் இறுகி, அடுத்த முறை நீர் விட்டால் உள்ளே வாங்காமல் வழிந்தோடுகிறது. தோட்டக்காரர் மழையைக் குறை சொல்வார். மழை வெறுமனே அம்பலப்படுத்தியது, அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், காசு செலவில்லை. புல்தரையின் மேல்மண்ணிலிருந்து பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டிகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீர் அல்லது வாலை வடிநீர், மற்றொன்றில் சுத்திகரித்த நீர். கட்டிகளை மெதுவாக இறக்கிவிட்டு ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மறுநாளும் பாருங்கள். கட்டி சரிந்து உதிர்ந்தாலும் சுற்றியுள்ள நீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. மழைநீர்த் தம்ளரில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் ஒரு வெண்மங்கல் படர்ந்து, சுத்திகரித்த நீர்த் தம்ளர் தெளிவாகவே இருந்தால், உங்கள் மண்ணில் சோடியம் ஏறிவிட்டது; அடுத்த மழைக்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

எதையாவது என்றால் ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தை இடத்தைவிட்டுத் தள்ளும்; தள்ளப்பட்ட சோடியத்தைக் கழுவி இறக்க மறுபடியும் வடிகால் வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை சொல்லட்டும், கைக்கணக்கு வேண்டாம். நீர் அறிக்கையில் இதற்கான எண் சோடியம் உறிஞ்சு விகிதம்: கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பதைக் காட்டுவது. அதை எப்போதும் கடத்துதிறனோடு சேர்த்தே படிக்க வேண்டும். விகிதம் 3 முதல் 6-க்குள் இருந்து கடத்துதிறன் 1.2-க்கு மேல் என்றால் மண்ணில் நீர் இறங்குவதில் சிக்கல் வராது. அதே விகிதத்தில் கடத்துதிறன் 0.3-க்குக் கீழ் என்றால் கடுமையான சிக்கல் என்கிறது அதே ஐ.நா. வழிகாட்டி. உப்பு குறைந்த நீர்தான் நல்ல நீர் என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிறது. நல்ல நீரைக் கலந்து கடத்துதிறனை மட்டும் குறைத்துவிட்டு மகிழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

செடிகளைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். அறுகம்புல் வகை உப்பை நன்றாகத் தாங்கும். பேரீச்சை, சவுக்கு, அரளி, காகிதப்பூ தாங்கும். ரோஜா தாங்காது. கலிஃபோர்னியாவில் ரெட்வுட் என்ற உயர்ந்த ஊசியிலை மரங்களைப் பூங்காக்களில் நட்டு இந்த நீர் பாய்ச்சியதில் இலைநுனி கருகிய அனுபவம் நிறைய உண்டு. துவைப்புப் பொடிகளிலிருந்து வரும் போரான் தனிக் கதை, லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் பாதகமில்லை. வேர் தாங்கினாலும் இலை தாங்காத செடிகள் இருக்கின்றன. சோடியம் லிட்டருக்கு 70 மில்லிகிராமையோ குளோரைடு 105 மில்லிகிராமையோ தாண்டிய நீரை மேலிருந்து தெளித்தால் அப்படிப்பட்ட செடிகளின் இலை விளிம்பு தீய்ந்துவிடும். அந்த நீரையே வேரில் சொட்டவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆகவே புல்லுக்குத் தெளிப்பான், புதருக்கும் மரத்துக்கும் சொட்டுநீர் என்று பிரித்து வையுங்கள்.

முதல் ஆண்டுப் பசுமைக்குக் காரணம் உரம். இரண்டாம் நிலை நீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பது இயல்பு. அதே 1,000 மில்லிமீட்டர் கணக்கில் ஹெக்டேருக்கு 200 கிலோ தழைச்சத்து நீரோடு வந்து சேர்கிறது. நன்றாகப் பராமரிக்கும் புல்தரைக்கு ஓராண்டுக்கு வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்கு மேல் வழக்கமான உரத்தையும் போட்டால் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பூஞ்சை நோய் வரும், மிஞ்சிய நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்கும். உப்பைக் கழுவ விடும் கூடுதல் நீரே இந்த நைட்ரேட்டையும் எடுத்துச் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் அந்தப் பகுதிக்கு இந்த நீரைக் கொண்டு போகவே வேண்டாம். தழைச்சத்தை நீக்கும் வசதியுள்ள நிலையத்திலிருந்து வரும் நீரென்றால் இந்த அளவு நான்கில் ஒரு பங்காகக் குறையலாம். எதுவானாலும் நீர் அறிக்கையைப் பார்த்துவிட்டு உர மூட்டையைத் தொடுங்கள்.

நாற்றம் பற்றிக் கேட்டீர்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒழுங்காகச் சுத்திகரித்த நீரில் லேசான குளோரின் வாசனைக்கு மேல் எதுவும் இருக்காது. அதைத் திறந்த குளத்திலோ பெரிய தொட்டியிலோ நாள்கணக்கில் தேக்கினால் குளோரின் வெயிலில் பறந்துவிடும், நீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தின்று பாசி கொழிக்கும், அது செத்து அடியில் அழுகும், ஆக்சிஜன் தீர்ந்ததும் சல்பேட்டிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பும். ஒரு நாள் தேவைக்கு மேல் சேமிக்காதீர்கள். தொட்டியை மூடி வையுங்கள். முடியாத இடத்தில் காற்றூட்டுங்கள். இரண்டு வாரம் நிறுத்தி வைத்த குழாயைத் திறக்கும்போது முதலில் வரும் நீரை வடிகாலில் விட்டுவிட்டுத் தெளிப்பானை இயக்குங்கள். சொட்டுநீர்க் குழாய்களுக்கு 130 மைக்ரான் வடிகட்டியும், பக்கக் குழாய்களின் முனைகளைத் திறந்து அலசும் பழக்கமும் இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் வழவழப்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

குழாய்களில்தான் உண்மையான நோய் அபாயம் இருக்கிறது. ஆபத்து பெரும்பாலும் நீரின் தரத்தால் வருவதில்லை. என்றோ ஒரு நாள் ஒரு பிளம்பர் தவறான குழாயில் இணைப்புக் கொடுப்பதால் வருகிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் புதிய குடியிருப்பு ஒன்றில், கழிப்பறைக்கும் துவைப்புக்குமாக அரைகுறையாகச் சுத்திகரித்த ஆற்றுநீரைத் தனிக் குழாயில் கொடுத்தார்கள். 2001 இறுதியில் அது குடிநீர்க் குழாயோடு கலந்து, அக்கம்பக்கத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. 2003-ல் அந்நாட்டு அரசு அத்தகைய பெரிய அளவிலான திட்டங்களையே நிறுத்தியது. அது கழிவுநீர்கூட இல்லை, ஆற்றுநீர் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே குழாய், வால்வு, மூடி எல்லாம் ஊதா நிறத்தில் இருக்கட்டும். பல நாடுகளில் அதுவே இந்த நீருக்கான அடையாளம். குடிநீர்க் குழாயில் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்கும்படி அமைத்தால், எங்காவது கலந்தாலும் நல்ல நீர்தான் அந்தப் பக்கம் போகும். தட்டுப்பாட்டுக் காலத்தில் குடிநீரை இந்தத் தொட்டிக்குள் நிரப்ப வேண்டி வந்தால் குழாயை நீருக்குள் மூழ்கவிடாமல், தொட்டியின் நிரம்பிய மட்டத்துக்கு மேலே காற்று இடைவெளி விட்டு விழச் செய்யுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், அது பழுதாகும். ஆண்டுக்கு ஒருமுறை குடிநீரை மூடிவிட்டு ஊதாக் குழாயை மட்டும் திறந்து, குடிநீர்க் குழாய்களில் எங்காவது நீர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். வளாகத்தில் யாராவது சமையலறையைப் புதுப்பித்தால் அந்த வாரமே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நீர் பாய்ச்சும் நேரம் இரவு. திடலில் யாரும் இல்லாத நேரம், விடிவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும். உட்காரும் பெஞ்சுகள், குடிநீர்த் தொட்டி, திறந்த ஜன்னல்கள் மீது சாரல் படாதபடி தெளிப்பானின் கோணத்தைத் திருப்புங்கள். "இந்த நீரைக் குடிக்கக் கூடாது" என்ற பலகை, படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும் படத்தோடு இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கையுறையும், வேலை முடிந்ததும் கைகழுவ நல்ல நீரும் கொடுங்கள். இந்த நீரோடு ஆண்டு முழுக்கப் புழங்குபவர்கள் அவர்கள்தான். கூட்டங்களில் அவர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை விடாமல் கேட்டு வாங்குங்கள். மாதந்தோறும் கடத்துதிறன், சோடியம், குளோரைடு, போரான், தழைச்சத்து எண்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். கடத்துதிறன் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த நாள் நீரை மறுக்க உங்களுக்கு உரிமை வேண்டும். நீர் தருபவர்கள் முதல் வரிக்கு ஒப்புக்கொள்வார்கள், இரண்டாவதற்கு முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். குழாயில் முதல் துளி வருவதற்கு முன்பே, புல்தரையிலும் மரங்களின் கீழும் 15 சென்டிமீட்டர் ஆழத்திலும் 60 சென்டிமீட்டர் ஆழத்திலும் மண் எடுத்துப் பரிசோதித்து எண்களைக் குறித்து வையுங்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அதே இடங்களில், வறண்ட பருவத்தின் கடைசியில், மழைக்கு முன் எடுங்கள். மழை கழுவிய பிறகு எடுத்த மண், உப்பு ஏறவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லும்.